கேட் சீட்டில் எழுதிய மீன்

போன மாதம் மலாக்கா புக்கிட் காத்திலில் ஒரு மீன் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். சமைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிற மீன். பேரனுக்குப் பள்ளி விடுமுறை. தொட்டி வேண்டும், மீன் வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்தான். மருமகள் காரை எடுத்தாள், நானும் ஒட்டிக்கொண்டேன். எழுபது தாண்டியவனை யாரும் கடைக்கு வா என்று கூப்பிடுவதில்லை. நாமாகத்தான் முந்திக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும்.

கடை நிறையத் தொட்டிகள். மூன்றாவது தொட்டியில் ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் 'இறக்குமதி' என்று சிவப்பு மையில் போட்டிருந்தார்கள். உள்ளே விரல் நீளத்தில் முப்பது குஞ்சுகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். உடம்பில் மங்கலான குறுக்குப் பட்டைகள். முதுகுத் துடுப்பின் பின்கோடியில் ஒரு கறுப்புப் புள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது. திலாப்பியா! எங்கள் காலத்தில் 'ஜப்பான் மீன்' என்போம். மலாக்காவில் தண்ணீர் தேங்கிய சாக்கடையில் துண்டை விரித்தால் அள்ளிக்கொண்டு வரலாம். அதைத்தான் தென்னமெரிக்கா சிக்லிட் என்று பெயர் சூட்டி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கடையில் இருந்த பையன் நம்ம தமிழ்ப் பையன்தான். "தம்பி, இது திலாப்பியாப்பா" என்றேன்.

"இல்லை லா அங்கிள், இது சவுத் அமெரிக்கா. வளந்தா கலர் வரும்."

"வளந்தா குழம்புக்குத்தான் வரும்."

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "சின்னதா இருக்கறப்ப எல்லாம் சேம்தான் அங்கிள். எல்லாம் ஒண்ணுதான். யாரு பாக்கப் போறா?"

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அப்படிக் குரல் வந்ததென்று தெரியவில்லை. கடையே திரும்பிப் பார்த்தது. எது எல்லாம் ஒன்று, பார்த்துத் தெரிந்துகொள்ளத் துப்பில்லாதவன் பேச்சல்லவா இது, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதி வை, ஏன் இன்னொரு மீனின் பெயரை இதன் தலையில் கட்டுகிறாய் என்று ஒரு பிடி பிடித்தேன். மருமகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். காரில் ஏறியதும் "பி.பி. மாத்திரை போட்டீங்களா மாமா?" என்றாள். போட்டிருந்தேன். இந்தக் கோபம் மாத்திரைக்கு அடங்குகிற ஜாதி இல்லை.

கடையில் தொட்டி நீரில் விரலை விட்டுப் பார்த்திருக்கிறேன் போல. வீட்டுக்கு வரும்வரை விரலில் அந்த வாடை. பாசியும் ரப்பர்க் குழாயும் கலந்த ஒரு வாடை இருக்கிறதே, மீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வாடை என்னை நேராக மஸ்ஜித் தானா சாலையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. தொழிலாளர் குடியிருந்த பின்வரிசை லயத்துக்குப் பின்னால், நீளவாக்கில் வெட்டிப்போட்ட நாலு எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு முன்னால்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் இளைய கிராணி, அதாவது குமாஸ்தா. இருபத்துமூன்று வயது, ஏழாம் வகுப்பு ஆங்கிலப் படிப்பு, சட்டைப் பையில் ஒரு ஊற்றுப்பேனா. அந்தப் பேனாவை வெளியே தெரியும்படி செருகிக்கொள்வதற்காகவே பை சின்னதாக வைத்துச் சட்டை தைப்பேன். வெளியே வெயில் கொளுத்தும், நான் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடப்பேன். என்னைப் பார்த்துப் பெண்கள் வாய்க்குள் சிரித்தது மரியாதையால் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீப்பாய்கள் காத்தமுத்துவுடையவை. காத்தமுத்து துரை பங்களாவின் தோட்டக்காரன், எங்கள் பேச்சில் 'கெபுன்'. என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். ஆனால் நான் கிராணி என்பதால் அவன் என்னை 'நீங்க' என்பான், நான் அவனை 'நீ' என்பேன். அன்றைக்கு அது கண்ணில் படவே இல்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. மாற்றி எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

துரைசானி சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜோடி மீன் வாங்கி வந்து பங்களா வராந்தாவில் வைத்திருந்தாள். தோட்டங்களில் சுடுகிறார்கள், எரிக்கிறார்கள் என்று செய்தி வர ஆரம்பித்ததும் அவள் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாள். மீன் காத்தமுத்துவிடம் தங்கிவிட்டது. அவள் வாங்கிப் படித்த ஆங்கில மீன் பத்திரிகைகள் பழைய காகிதமாக ஆபீசுக்கு வந்தன. அப்படித்தான் அந்த மீனின் பெயர் 'புளூ அக்காரா' என்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பெருமையில் ஓடிப்போய்ச் சொன்னேன். காத்தமுத்து கேட்டுக்கொண்டான், அப்புறம் அவன் வைத்த பெயரிலேயே கூப்பிட்டான். 'நீலக்கன்னம்.' கண்ணுக்குக் கீழே கன்னத்தில் நெளிநெளியாக நீலக் கோடுகள் ஓடும். பத்திரிகைக்காரன் வைத்ததைவிட நல்ல பெயர்.

அந்த ஒரு ஜோடி குஞ்சு பொரித்துப் பெருகி நாலு பீப்பாய் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது முப்பது குஞ்சுகளைப் பிஸ்கட் டின்னில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பஸ் ஏறி டவுனில் இருக்கிற தெங்கேராவுக்குப் போவான். அங்கே ஒரு சீனர் அலங்கார மீன் கடை வைத்திருந்தார். அவர் வாங்கிக்கொள்வார். சாயங்காலம் திரும்பி வரும்போது பெண்டாட்டி அஞ்சலைக்குப் பூவும் இரண்டு பிள்ளைகளுக்குக் கச்சான் கடலையும் வாங்கி வருவான். உலகத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாத தொழில்.

தோட்டத்துக் குட்டையிலும் வாய்க்காலிலும் ஜப்பான் மீன் மண்டிக் கிடந்தது. ஜப்பான்காரன் காலத்தில் வந்த மீன் என்பதால் அந்தப் பெயர். சேற்று வாடை அடிக்கும், ஆனாலும் புளி தூக்கலாகப் போட்டால் சாப்பிடலாம். நீலக்கன்னமும் இதுவும் ஒரே சிக்லிட் குடும்பம். இந்தக் குடும்பத்து மீன்களுக்கு மூக்கில் பக்கத்துக்கு ஒரே துளைதான், கெண்டைக்கு இருப்பதுபோல இரண்டிரண்டு இருக்காது. குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது லேசில்லை. சாம்பல் உடம்பு, மங்கலான பட்டைகள், அங்கங்கே கறுப்பு.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் எங்களுக்குள் ஒரு பந்தயம். எனாமல் பேசினில் இருபது நீலக்கன்னக் குஞ்சுகளை விட்டு, நடுவில் ஒரே ஒரு ஜப்பான் மீன் குஞ்சைப் போட்டுவிடுவான். "கண்டுபிடிங்க கிராணி, பாப்போம்." தோற்றால் நான் கடையில் காப்பி வாங்கித் தர வேண்டும். இங்கிலீஷ் பத்திரிகை படித்தவன் நான், அவன் கைநாட்டு. எத்தனை காப்பி வாங்கிக் கொடுத்தேன் என்பதைச் சொன்னால் என் பேனாவுக்கு அவமானம்.

பிறகு மெதுவாகக் கண் பழகியது. ஜப்பான் மீனுக்குப் புள்ளி முதுகுத் துடுப்பின் பின்கோடியில் இருக்கும். நீலக்கன்னத்துக்கு அது விலா நடுவில், யாரோ மைவிரலால் தொட்டதுபோல இருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் கன்னத்தைப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே போனால் தாயைப் பார்க்க வேண்டும். ஜப்பான் மீன் தாய் முட்டையை வாயிலேயே அடைகாக்கும், ஆபத்தென்றால் குஞ்சுகளையும் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். நீலக்கன்னம் தட்டைக் கல்லில் முட்டை ஒட்டிவிட்டு, தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல் நிற்கும். காத்தமுத்து உடைந்த கூரை ஓடு ஒன்றைக் கழுவிப் போட்டிருந்தான். அதன் மேல் அவை முட்டையிட்டபோது அஞ்சலையைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு, கடைசியில் என்னையும் கூப்பிட்டனுப்பினான். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல.

ஒரு விஷயம் மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொல்வான். "பயந்துச்சுன்னா வெளுத்துடும் கிராணி. கோடும் தெரியாது, புள்ளியும் தெரியாது. அரை நாளு தொந்தரவு பண்ணாம விட்டுறணும். அப்பறம் பாருங்க, எல்லாம் திரும்பி வந்துரும்."

இனிச் சொல்லப்போவதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று சட்டம். காலையில் ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. இருட்டோடு எழுந்து போய் மதியம் வரை வெறும் வயிறு. கைக்குழந்தைக்காரி பால் புட்டியைத் திறந்து காட்ட வேண்டும். காப்பியில் சர்க்கரை போட்டிருக்கிறதா என்று நக்கிப் பார்த்த ஒரு வீரனை நானே பார்த்தேன். துப்பாக்கி வைத்திருக்கிறவன் அடுத்தவன் காப்பியை நக்குவதற்கு ஒரு சட்டம்! யாரையோ பிடிக்க வக்கில்லாமல் எங்களைப் பட்டினி போட்டார்கள். ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு கிழவியின் வெற்றிலைப் பையைக் கொட்டிக் கவிழ்த்தபோது அவள் அழுதாள். நான் அப்போது என்ன செய்தேன் என்கிறீர்கள்? கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

கேட்டைத் தாண்டி எந்தச் சாமான் போனாலும் ஆபீசிலிருந்து சீட்டு வேண்டும். கொண்டுபோகிறவர் பெயர், சாமான், எண்ணிக்கை, கிராணி கையெழுத்து. அந்தச் சீட்டு எழுதுகிற வேலை என்னுடையது. முதல் ஞாயிற்றுக்கிழமை காத்தமுத்துவுக்கு அழகாக ஆங்கிலத்தில் 'புளூ அக்காரா' என்று எழுதிக் கொடுத்தேன். கேட்டில் இருந்த மலாய்க் காவலருக்கு அது என்ன சாமான் என்று விளங்கவில்லை. வெடிமருந்தோ என்னவோ என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். பஸ் போய்விட்டது, டின்னில் பாதி மீன் செத்துவிட்டது.

மறுவாரம் நான் ஒரு மூளை வேலை செய்தேன். எல்லோருக்கும் தெரிந்த பெயராக எழுதிவிட்டால் தொல்லை இல்லையே! 'ஈக்கான் ஜெபுன், ஒரு டின்.' மலாயில் ஜப்பான் மீன். காவலர் டின்னைத் திறந்தார், ஆமாம், ஈக்கான் ஜெபுன்தான் என்று தலையாட்டினார், விட்டுவிட்டார். காத்தமுத்துவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "என்னங்க கிராணி, நீலக்கன்னத்தப் போயி ஜப்பான்னு எழுதிட்டீங்க."

"எழுத்துலதானய்யா. எல்லாம் ஒண்ணுதான், போ" என்றேன்.

ஆமாம். நான்தான் சொன்னேன். கடைப் பையன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிறவர்களின் சீட்டையெல்லாம் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். யார் என்ன கொண்டுபோவார்கள் என்பது மனப்பாடம். பார்க்காமலே எழுதுவேன். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதாக வேறு நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை புது உத்தரவு வந்தது. வெளியே கொண்டுபோகக் கூடாத உணவுப் பொருள்களின் பட்டியல் நீண்டிருந்தது. அரிசி, சர்க்கரை, எண்ணெய், கருவாடு எல்லாம் ஏற்கெனவே உண்டு. இப்போது பச்சை மீனும் சேர்ந்தது. அந்த உத்தரவைத் தமிழில் எழுதியவன் நான். அடுக்குமொழியில், பெரிய எழுத்தில் எழுதிக் கேட்டில் ஒட்டியவனும் நானே. அதை ஒட்டி முடித்து, சனிக்கிழமை வந்து, சீட்டுக் கட்டை எடுத்து, 'காத்தமுத்து, ஈக்கான் ஜெபுன், ஒரு டின்' என்று வழக்கம்போல எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கேட்டில் வெளியூர்ப் போலீஸ் படை. எங்கள் காவலர் ஓரமாக நிற்க வைக்கப்பட்டிருந்தார். டின்னைத் திறந்தார்கள், நாற்பது மீன் உயிரோடு. சீட்டைப் பார்த்தார்கள், தின்கிற மீன் என்று ஆபீஸ் முத்திரையோடு எழுதியிருக்கிறது. இடுப்பைத் தடவினார்கள், ஒரு பொட்டலம் இடித்த கூனி இறால். அது மீனுக்குத் தீனி. ஆனால் மனிதனும் தின்னலாமே! சாப்பாடு, கெட்டுப்போகாமல் உயிரோடு, கூடத் துணைக்கு இறால். காட்டுக்குத்தான் போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். லாரியில் ஏற்றினார்கள். அஞ்சலை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது ஆபீஸ் வரை கேட்டது என்று சொன்னார்கள். நான் ஆபீசில் இல்லை, வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என்னை போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், காத்தமுத்துவுக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர், மலாய் சார்ஜன்ட் ஒருவர். மேசையில் வெள்ளைப் பேசினில் மீன். காத்தமுத்து சுவரோரம் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்ததே, அதை நான் மறக்க முடியாது. என்னைவிட அவனுக்கு வேறு யார் சாட்சி? பந்தயத்தில் ஜெயிக்கிற அளவுக்குத் தேறியவன் நான் ஒருவன்தானே.

"கிராணி வந்துட்டாரு, இவரக் கேளுங்க" என்றான். "சொல்லுங்க கிராணி, இது திங்கற மீனு இல்லன்னு. கன்னத்துல நீலக் கோடு இருக்குன்னு காட்டுங்க."

அதிகாரி ஒரு பென்சிலை என் கையில் கொடுத்து, காட்டு என்றார். குனிந்தேன். மீன்களெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. ஒரு ராத்திரி முழுக்கக் குலுங்கி, அழுக்குத் தண்ணீரில் கிடந்து, துணி துவைத்த நீர் மாதிரி ஒரு நிறம். கோடு இல்லை, புள்ளி இல்லை. பேசினைச் சுற்றி அத்தனை பூட்ஸ் கால்கள் நின்றால் எந்த மீன் நிறம் காட்டும்?

எனக்குத் தெரியும். நல்ல தண்ணீர் மாற்றி, ஒரு கல்லைப் போட்டு, அரை நாள் விட்டால் போதும். மதியத்துக்குள் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடு வந்து நிற்கும். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? வாயைத் திறந்தேன். அதற்குள் அதிகாரி என் சீட்டை எடுத்து மீனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது உன் கையெழுத்துதானே? இது தப்பான சீட்டா? யோசித்துச் சொல். பொய்ச் சீட்டு எழுதுவதும் இதே சட்டத்தில் குற்றம்."

நான் யோசித்தேன். அதுதான் நான் செய்த பாவம். வேலை இன்னும் உறுதியாகவில்லை. தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜெயிலுக்குப் போன கிராணியின் தங்கையை யார் கட்டுவார்கள்? இத்தனையும் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடிற்று. எல்லாம் நியாயமான பயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுவரோரம் குந்தியிருந்தவனுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தன. அது ஓடவில்லை பாருங்கள் மண்டையில்.

"பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், சார்" என்றேன் ஆங்கிலத்தில்.

பொய் இல்லை, கவனியுங்கள். இன்றைக்கும் எந்த நீதிமன்றத்திலும் நின்று சொல்லலாம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். படித்த கிராணிக்கே தெரியவில்லை என்றால் என் ஆட்களுக்கு எப்படித் தெரியும் என்றார். மொழிபெயர்ப்பாளர் காத்தமுத்து பக்கம் திரும்பி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "எல்லாம் ஒண்ணுதான்னு கிராணி சொல்றாரு" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று பதறினேன். பதறினேன் என்பதுகூட உள்ளுக்குள்தான். காத்தமுத்து என்னைத் திட்டவில்லை. பேசினை எட்டிப் பார்த்து, "தண்ணிய மாத்துங்க சார், செத்துரும்" என்றான்.

அவனை அங்கிருந்து ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் வழக்கு, வக்கீல், தீர்ப்பு என்றெல்லாம் கிடையாது. பிடித்தால் பிடித்ததுதான்.

மூன்று வாரம் கழித்து ஏதோ பெயர்ப்பட்டியல் கொடுக்க அதே நிலையத்துக்குப் போனேன். சார்ஜன்ட் மேசையில் ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே ஆறு மீன். மற்றவை செத்துவிட்டன, இவற்றுக்கு அவர் பரிதாபப்பட்டுத் தண்ணீர் மாற்றி, ரொட்டித் தூள் போட்டு வளர்க்கிறார். நல்ல மனிதர். "சந்தேக், கான்?" என்றார் மலாயில், அழகாக இருக்கிறதல்லவா என்று. விலா நடுவில் மைப்பொட்டு. கன்னத்தில் நீல நெளிகள், ஜன்னல் வெளிச்சத்தில் தகதகவென்று. ஆறுக்கும். குருடனுக்குக்கூடத் தெரியும்படி.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு அதிகாரி அறைக்குள் நுழைந்தேன். நானா நுழைந்தேன் என்று இப்போதும் ஆச்சரியம்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார், ரசித்தார், அழகான மீன் என்றார். சார், இதுதான் அது, அந்த ஆள் சொன்னது நிஜம் என்றேன். அப்படியா, கோப்பு கோலாலம்பூர் போய்விட்டதே, அவனை இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவாகிவிட்டது, இனி நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். சீட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். மறுபடியும் அந்தச் சீட்டு! இல்லை சார் என்றேன். ஜாடியைக் கொண்டுபோய் சார்ஜன்ட் மேசையில் வைத்துவிட்டு சைக்கிள் மிதித்து வந்துவிட்டேன். மேல் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு மேலிருந்த பெரிய கிராணியிடம் காட்டினேன். "ஏய்யா, உனக்கென்ன பைத்தியமா, போய் வேலையப் பாரு" என்றார். போய் வேலையைப் பார்த்தேன். அவ்வளவு சுலபமாக அடங்கிப்போனேன்.

இந்தியாவுக்கு அனுப்புகிறார்களாம். காத்தமுத்து தாயின் இடுப்பில் உட்கார்ந்து மூன்று வயதில் கப்பலில் வந்தவன். அவனுக்கு இந்தியா என்றால் காலண்டரில் பார்த்த சாமி படம்தான். அஞ்சலை இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள், பிள்ளைகளும் அப்படியே. கூடப் போகலாம், இல்லாவிட்டால் இங்கே கிடக்கலாம் என்று அவளுக்கு ஒருநாள் அவகாசம் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய மனசு!

அவள் போகிறேன் என்றாள். போவதென்றாலும் சாமான் கேட்டைத் தாண்ட வேண்டும், அதற்குச் சீட்டு வேண்டும். மறுநாள் காலையில் மூத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். என் பேனா, என் சீட்டுக் கட்டு, எதிரில் அஞ்சலை. பெரிய கிராணி எழுதட்டுமே என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"என்னென்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"சொல்றேன், சரியா எழுதுங்க கிராணி" என்றாள். குரலில் கோபமே இல்லை, சந்தைக் கடையில் எடை பார்த்து வாங்குகிறவள் மாதிரிதான் பேசினாள். "தகரப் பெட்டி ஒண்ணு. பெட்டின்னு எழுதுங்க. பாயி ரெண்டு, பாயின்னு எழுதுங்க. சட்டி மூணு இருக்கு. சட்டியச் சட்டின்னே எழுதுங்க. வேற எதுவும் எழுதிறாதீங்க, எம் புள்ளைங்களையும் பிடிச்சு வெச்சுக்கப் போறாங்க."

எழுதினேன். மை சிதறி ஒரு சீட்டு வீணாயிற்று. வேறு சீட்டு எடுத்து, பக்கத்தில் தமிழிலும் எழுதினேன். அவள் எழுத்துத் தெரியாதவள். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பிள்ளையிடம் கொடுத்து, "என்னா எழுதியிருக்கு, படி" என்றாள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது படிக்கிற பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தது. பெட்டி. பாய். சட்டி. அது படித்து முடித்த பிறகுதான் அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

இதில் இன்னொன்று கேளுங்கள். அவர்கள் போன சில மாதத்தில், நாட்டிலேயே முதலாவதாக எங்கள் மலாக்காவின் சில பகுதிகளுக்குத்தான் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஆபத்து நீங்கியதாம். உணவுத் தடை இல்லை, சோதனை இல்லை. சனங்கள் பொட்டலம் பொட்டலமாகச் சோறு கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனார்கள். நான் எழுதி ஒட்டிய உத்தரவை நானே கிழித்து எடுத்தேன். சில மாதம்! அதற்குள் ஒரு குடும்பத்தைத் தூக்கிக் கடலுக்கு அந்தப் பக்கம் போட்டாகிவிட்டது. அதற்கு யார் வந்து மன்னிப்புக் கேட்டார்கள்? யாராவது ஒரு காகிதம் எழுதினார்களா? அந்த வருஷமே எனக்கு வேலை உறுதியானது. தங்கை கல்யாணமும் ஆவணியில் நன்றாக நடந்தது.

பீப்பாய்களை யாரும் பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்தேனா? கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது கொசு மருந்து அடித்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். உடைந்த ஓடு மட்டும் கிடந்தது. காத்தமுத்து எந்த ஊருக்குப் போனான், கரை இறங்கியதும் யார் வீட்டுப் பெயரைச் சொல்லி விசாரித்தான், எதுவும் தெரியாது. கடிதம் வருமென்று வெகுகாலம் தபால் பையை நானே பிரித்தேன். வரவில்லை. யாருக்கு எழுதுவான்?

இப்போது அந்த இடத்தில் தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். வேலி நின்ற இடம் எது, கேட் நின்ற இடம் எது என்று எனக்கே அடையாளம் சொல்ல வராது. தெங்கேராவில் அந்தச் சீனரின் கடை போய்விட்டது. துரை, அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், மேசை மேல் ஜாடி வைத்திருந்த சார்ஜன்ட், பெரிய கிராணி, ஒருவரும் இல்லை. இந்தக் கடைகளில் நீலக்கன்னமும் கிடைப்பதில்லை, கேட்டால் பழைய மாடல் அங்கிள் என்கிறார்கள். அந்தச் சீட்டைத் தப்பென்று சொல்லக்கூடியவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். தண்டிக்கவும் இப்போது ஆள் இல்லை, வேலையும் போகாது. இவ்வளவு பாதுகாப்பான பிறகு சொல்வதற்குப் பெயர் தைரியம் இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன், அஞ்சலை சொன்னபடி, அதை அதுவாகவே.

கொண்டுபோகிறவர்: காத்தமுத்து. சாமான்: நீலக்கன்னம், நாற்பது, உயிரோடு. தின்பதற்கு அல்ல. இதற்கு முன் கொடுத்த சீட்டில் இருப்பது தவறு, எழுதியவன் நான். இவரைத் தடுக்க வேண்டாம்.